ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டன் சட்டத்தை ரத்து செய்ய முடியுமா?

முடியாது. ஒரு நாடு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை மீறியதா என்று மட்டும்தான் அது சொல்லும். இழப்பீடும் கொடுக்கச் சொல்லலாம். சட்டத்தை மாற்றுவது அந்த நாட்டின் வேலை. மாற்றினார்களா என்று ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு கண்காணிக்கும். (இந்தக் கவுன்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு அல்ல, அதனால் பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் இதில் இருக்கிறது.)

சில சமயம் சட்டம் சீக்கிரமே மாறும். வட அயர்லாந்தில் ஆண்களுக்கு இடையிலான ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டம் தவறு என 1981-இல் தீர்ப்பு வந்தது. 1982-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

சிறைக் கைதிகளின் ஓட்டுரிமை நேர்மாறான கதை. தண்டனைக் கைதிகள் எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக ஓட்டை மறுப்பது மீறல் என்று 2005-இல் தீர்ப்பு. 2011-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையோ 234-க்கு 22 என்ற கணக்கில் தடை தொடரட்டும் என்றது. கடைசியில் தற்காலிக விடுப்பில் வெளியே வருபவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வழிவிட்டார்கள். அமைச்சர்கள் குழுவும் 2018-இல் இந்த வழக்கின் கண்காணிப்பை முடித்துவிட்டது. என் பார்வையில் இது அரைகுறை வெற்றிதான்.

உண்மையான பலம் உள்நாட்டு நீதிமன்றங்களில் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டப்படி, ஒரு சட்டம் உடன்படிக்கைக்கு முரணானது என்று பிரிட்டன் நீதிபதிகளே அறிவிக்கலாம். அறிவித்தாலும் அந்தச் சட்டம் அமலில்தான் இருக்கும். ஆனால், பயங்கரவாதச் சந்தேகத்தில் வெளிநாட்டவரை விசாரணையின்றிக் காலவரையறை இல்லாமல் அடைத்து வைத்தது முரண் என்று 2004-இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் சொன்னபோது, அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அப்புறம் அதற்குப் பதிலாக வந்த, சந்தேக நபர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆணைகளும் நீதிமன்றப் படி ஏறின.