கேட்கப் பயந்து பாத்ரூமில் போன் பார்த்தேன்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 22 வயது. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, நான்கு மாதமாகக் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். கல்விக் கடன் இன்னும் அடையவில்லை.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. கூட இருப்பவர்களை நினைத்தால்தான் பயம். எங்கள் ஷிஃப்டில் சீனியர் அக்காக்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்கு நான் எது செய்தாலும் தப்பு. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்டோவரில் பாதியிலேயே குறுக்கே கேள்வி கேட்பார். தெரிந்ததும் மறந்துவிடும். "காலேஜ்ல இதைக்கூடச் சொல்லித் தரலையா?" என்பார்.

ஒரு ராத்திரி வேப்பனப்பள்ளி பக்கமிருந்து பாம்புக்கடி கேஸ் வந்தது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்திருந்தோம். பதற்றத்தில் எட்டு நிமிஷத்திலேயே குழாயைச் சாய்த்துப் பார்த்துவிட்டேன். அந்த அக்கா சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், "உனக்கெல்லாம் யாரு சர்டிபிகேட் குடுத்தது?" என்று கத்தினார். அதற்கப்புறம் நோயாளியின் மனைவி என்னை ஊசி போடவே விடவில்லை.

இன்னொரு அக்காவும் அவரும் நான் உள்ளே வந்தால் தெலுங்கில் பேச ஆரம்பிப்பார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. நடுவில் என் பெயர் மட்டும் கேட்கும், அப்புறம் சிரிப்பு. போன மாதம் தொடர்ந்து ஒன்பது நாள் எனக்கு நைட் டூட்டி. கேட்டால், "புதுசா வந்தவங்கதான் பார்க்கணும்" என்கிறார்கள். மூன்றாவது அக்கா எதிலும் சேர மாட்டார். விடிகாலை மூன்று மணிக்கு டீ வாங்கினால் எனக்கும் ஒரு கப் நீட்டுவார், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு நோயாளிக்கு டிரிப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்து போடச் சொல்லியிருந்தது. எந்த வேகத்தில் விட வேண்டும் என்று சந்தேகம். கேட்டால் சிரிப்பார்களே என்று பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடினேன். பிறகு வந்து போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை. டூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் புரட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தால், "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

வேலையை விட்டுவிடலாமா அம்மா? இல்லை, நானும் அவர்கள் மாதிரியே திருப்பிப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம், கிருஷ்ணகிரி

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அந்தப் பாத்ரூம் கதவுதான் என் மனதில் நிற்கிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

பொட்டாசியம் குளோரைடு வேகமாக உள்ளே போனால் இதயமே நின்றுவிடலாம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் உனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் நீ நல்ல நர்ஸ் என்பதற்கு அடையாளம். பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளை இரண்டு பேர் பார்த்துச் சரி சொன்ன பிறகே போடுவது என்று பல மருத்துவமனைகளில் நடைமுறை இருக்கிறது. அனுபவம் இருபது வருஷம் ஆனவர்களுக்கும் அதே நடைமுறைதான். ஆகவே கேட்பது உன் அறியாமையைக் காட்டுவதில்லை, அது வேலையின் ஒரு பகுதி. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். மருந்து விஷயத்தில் மட்டும் இனி ஒருநாளும் தனியாக முடிவெடுக்காதே. சீனியரைக் கேட்க முடியவில்லை என்றால் டூட்டி டாக்டருக்குப் போன் செய். "சார், இந்த பெட்டுக்குப் பொட்டாசியம் எழுதியிருக்கீங்க, எந்த ரேட்ல விடணும்னு ஒருதடவை சொல்லிடுங்க" என்றால் போதும். பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதி வை.

அடுத்து அந்தக் குழாய். இதில் உன்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். அந்தப் பரிசோதனையில் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தைப் பாதிக்கும் விஷமாக இருந்தால், விஷமுறிவு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு அது முக்கியமான ஆதாரம். நீ எட்டு நிமிடத்தில் சாய்த்தது தப்புதான். அந்த அக்கா அதைச் சுட்டிக்காட்டியதும் சரிதான். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் உன் படிப்பையே கேவலப்படுத்தியது சரியில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்ததால் உனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள். டூட்டி முடிந்ததும், அன்றைக்குத் திட்டு வாங்கினாய் என்றால் அதில் வேலை சம்பந்தமாக என்ன இருந்தது என்று ஒரே வரி எழுது. "20 நிமிடம், அசைக்கக் கூடாது." மீதி அவருடைய கோபம், அதை நீ எழுத வேண்டியதில்லை. சில நாள் எழுத ஒன்றுமே இருக்காது. அன்றைக்கு வந்தது வெறும் திட்டுதான் என்று உனக்கே தெரிந்துவிடும்.

உனக்கு மட்டும் இப்படி நடக்கிறது என்று நினைத்துவிடாதே. 1974லேயே மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர், படிப்பு முடித்து வார்டுக்கு வரும் புது நர்ஸ்களுக்கு ஏற்படும் அதிர்ச்சியைப் பற்றி விரிவாக எழுதினார். கல்லூரியில் கற்றது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று. முதல் சில வாரங்களின் உற்சாகம் தீர்ந்ததும் அந்த அதிர்ச்சி வரும், பிறகு மெல்லத் தெளியும் என்றார். நீ இப்போது அந்த நடுக்கட்டத்தில் இருக்கிறாய்.

திருப்பிப் பேசலாமா என்று கேட்டாய். பேசத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் மாதிரி வேண்டாம். மார்த்தா கிரிஃபின் என்பவர் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். பாஸ்டனில் புதிதாகச் சேர்ந்த 26 நர்ஸ்களுக்கு, யாராவது மட்டம் தட்டினால் என்ன சொல்லலாம் என்று முன்கூட்டியே பழக்கி, அந்த வாக்கியங்களைச் சிறு அட்டையில் அச்சடித்து, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளக் கொடுத்தார். தொல்லை கொடுத்தவரிடம் நேராகப் பேசியபோது அது நின்றுபோனது என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் இதில் உண்மை இருக்கிறது. அவமானப்படும் நேரத்தில் நமக்கு வார்த்தை வராது, முதலிலேயே தயாராக இருந்தால்தான் வரும்.

உனக்கும் இரண்டு வாக்கியம் தருகிறேன். ஹேண்டோவரில் குறுக்கே கேட்டால், "அக்கா, இந்தப் பேஷண்டை முடிச்சுட்டுச் சொல்றேன்." எல்லார் முன்னாலும் கத்தினால், அங்கே வாயைத் திறக்காதே. நோயாளியைக் கவனி. பிறகு தனியாகப் போய், "அக்கா, நான் செஞ்சது தப்புதான், கத்துக்கறேன். ஆனா பேஷண்ட் வீட்டுக்காரங்க முன்னாடி சொன்னா அவங்க என்னை நம்ப மாட்டேங்கறாங்க, ஊசி போடவே விடலை. அடுத்த தடவை தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று சொல். ஹாஸ்டலில் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார். குரல் நடுங்கினால் பரவாயில்லை.

தெலுங்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேறு எண்ணம். வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் பலருக்கும் வீட்டு மொழி அதுதான். தளி பக்கம் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். அவர்கள் உன்னைக் கிண்டல் செய்கிறார்களா, வழக்கமாகப் பேசுவதையே பேசுகிறார்களா என்று இங்கிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உன் வார்டுக்கு வரும் பாட்டிமார்களில் பலருக்கு வலியைத் தெலுங்கில்தான் சொல்ல வரும். நாலு வார்த்தை கற்றுக்கொள்வது அவர்களுக்காகவே நல்லது. டீ நீட்டும் அந்த மூன்றாவது அக்காவிடம் கேள். நீ அவரைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறாய், ஆனால் உனக்கு அங்கே ஒரு துணை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை டீயை நீ வாங்கு.

நைட் டூட்டியைப் பற்றி இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசு. "எனக்கே எப்பவும் நைட் போடறாங்க" என்று பொதுவாகச் சொல்லாதே. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி எடுத்துக்கொண்டு போ. அங்கே தீரவில்லை என்றால் நர்சிங் சூப்பிரண்டிடம் எழுத்தாகக் கொடு. இது புகார் சொல்லும் குணம் இல்லை, தூங்காத நர்ஸ் மருந்து கொடுப்பது நோயாளிக்கு ஆபத்து. யாராவது கை ஓங்கினாலோ, தகாத முறையில் பேசினாலோ நான் மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம். பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். நேராக அங்கே போ.

வயிற்றைப் புரட்டுவதையும் தூக்கம் வராததையும் இப்படியே விட்டுவிடாதே. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். நைட் டூட்டி முடிந்து விடிகாலையில் மனது கனத்தால் அப்போதே கூப்பிடு. இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடு.

வேலையை விடுவது பற்றி, நைட் டூட்டி ஓடும் வாரத்தில் முடிவெடுக்காதே. நான் சொன்னதை மூன்று மாதம் செய்து பார். அதற்குப் பிறகும் மருந்து பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிற வார்டாக அது இருந்தால், வேறு மருத்துவமனை தேடு. கடனுக்காக மட்டும் அங்கே இருக்காதே.

அப்பாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாய் விஷயத்தைச் சொல். அவரும் பெங்களூருக்குப் போன புதிதில் யாரோ ஒரு மேஸ்திரியிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கித்தான் வேலை கற்றிருப்பார். அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பார்.