மந்திரம் கணக்குப் போட என்ன வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலூர்க் கோட்டையைக் களமாக வைத்து மாயக் கதை ஒன்று எழுதிவருகிறேன். மதில் மாடங்களில் மந்திரவாதிகள் ஏற்றும் விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு கணிப்பொறியாக இயங்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதி எழுதப் புகுந்தால் கதை நகர மறுக்கிறது. உண்மையில் எத்தனை மந்திரங்கள் தேவை?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: ஒரே ஒரு மந்திரம் போதும். இரண்டு விளக்குகளும் எரியும்போது மட்டும் மூன்றாம் விளக்கு அணைந்திருக்கும், மற்ற எல்லா நிலைகளிலும் அது எரியும் என்பதே அதன் விதியாக இருக்கட்டும். மின்னணுவியல் மாணவர்கள் இதை நேண்ட் கேட் என்பார்கள். தருக்கச் செயல்கள் அனைத்தையும் இத்தகைய ஒற்றைச் செயலிலிருந்தே பெறலாம் என்பதை ஹென்றி ஷெஃபர் 1913-இல் காட்டினார். மின்சாரத்தால் திறந்து மூடும் ரிலேக்களும் சுவிட்சுகளும் அதே தருக்கத்தைச் செய்யவல்லவை என்று கிளாட் ஷானன் 1937-இல் தம் முதுநிலை ஆய்வேட்டில் நிறுவினார். ரிலே செய்யும் வேலையை உங்கள் மாடத்து விளக்கு செய்வதில் தருக்கத்துக்கு எந்த இடையூறும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மந்திரத்தால் எரியும் விளக்கு, அடுத்த மந்திரத்துக்கு உள்ளீடாகவும் பயன்பட வேண்டும். பெரும்பாலான மாயக் கதைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. சொல்லை உச்சரித்தால் நெருப்பு மழை பொழிகிறது. அந்த நெருப்பு மழையை வைத்து அடுத்த மந்திரத்தைத் தொடங்க வழியில்லாததால், அந்த மாயம் எவ்வளவு வலிமையுடையதாயினும் ஒன்றோடொன்று கோக்க முடியாத தனித்தனி வித்தைகளாகவே தங்கிவிடுகிறது.

நினைவாற்றலுக்கும் தனி மந்திரம் வேண்டியதில்லை. இரு மந்திர விளக்குகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீடுகளில் ஒன்றாக மாற்றி மாற்றி இணைத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எஞ்சியிருக்கும் இன்னோர் உள்ளீட்டில் எப்போதும் எரியும் காவல் விளக்கு ஒன்றை வையுங்கள். இடப்பக்கக் காவல் விளக்கை ஒரு கணம் அணைத்து மீண்டும் ஏற்றினால் இடப்பக்க மந்திர விளக்கு எரியத் தொடங்கும். காவல் விளக்கு பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும் அது எரிந்துகொண்டே இருக்கும். அதாவது, ஒருவர் வந்து போனதை அந்த மாடம் நினைவில் வைத்திருக்கிறது. இரு காவல் விளக்குகளையும் ஒரே கணத்தில் அணைத்து, ஒரே கணத்தில் ஏற்றினால் எந்த விளக்கு எரிந்து நிலைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோட்டைக்குள் நுழையும் பகைவனுக்கு நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் வழி இதுவாகவே இருக்கலாம்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். எட்டு பிட் எண்கள் (0 அல்லது 1 ஆக மட்டும் இருக்கும் எட்டு இலக்கங்களால் ஆனவை) இரண்டைக் கூட்ட, பிட் ஒன்றுக்கு 9 வீதம் 72 மந்திர விளக்குகள் வேண்டும். ஒரு விளக்கு நிலை மாற ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மீதி எண் ஒவ்வோர் இலக்கமாக ஏறிச் செல்லும் மிக நீண்ட வழியில் ஏறத்தாழ 20 விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற வேண்டியிருப்பதால், விடை கிடைக்க ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். முற்றுகை நடக்கும்போது இந்தத் தாமதமே கதையை நடத்திச் செல்லும்.

கேள்வி: நாங்கள் தறி நெய்யும் குடும்பம். ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் சொல்வதைத்தானே நூல் செய்கிறது? மந்திரக் கணிப்பொறிக்குத் தறியையே மாதிரியாகக் கொள்ளலாம் அல்லவா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பாதி தூரம் கொள்ளலாம். ஜக்கார்டு 1804-இல் செய்துகாட்டிய தறி, அட்டையில் துளை உள்ள இடத்தில் ஒரு விதமாகவும் இல்லாத இடத்தில் வேறு விதமாகவும் பாவு நூலை நடத்துகிறது; எழுதி வைத்த கட்டளையை இயந்திரம் படிப்பது என்னும் கருத்து அதில் முழுமையாக இருக்கிறது. ஆயினும் நெய்த துணியைப் பார்த்து, அடுத்து எந்த அட்டைக்குப் போவது என்று தறி முடிவு செய்வதில்லை. சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரமான பகுப்புப் பொறிக்கு அந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டபோது, கணக்கின் விளைவைப் பொறுத்து அட்டை வரிசையில் முன்னும் பின்னும் தாவும் ஏற்பாட்டையும் சேர்த்துத் திட்டமிட்டார். உங்கள் கதைத் தறிக்கும் அந்தத் தாவலை மட்டும் கொடுத்துவிடுங்கள். பூ வேலைப்பாட்டின் நடுவில் நூல் அறுந்தால் தானே பழைய அட்டைக்குத் திரும்பும் தறியைப் படிக்க நானும் ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: இப்படி ஒரு மந்திரம் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டால் கதாநாயகனுக்கு எதுவும் தெரியாமல் போக வாய்ப்பில்லையே, பிறகு கதை எங்கே இருக்கிறது?
– வாசகர், ஆற்காடு

பதில்: எல்லாவற்றையும் கணக்கிட அதனால் முடியாது. எந்த ஒரு நிரலைக் கொடுத்தாலும், அது என்றாவது நிற்குமா அல்லது முடிவின்றி ஓடுமா என்பதைத் தவறாமல் சொல்லக்கூடிய பொதுவான வழிமுறை இருக்க முடியாது என்பதை ஆலன் டூரிங் 1936-இல் நிறுவிவிட்டார். அவர் காட்டிய தடை பொறியின் வேகத்தைச் சார்ந்ததன்று. விளக்குகளை மதில் முழுதும் பெருக்கினாலும், நாழிகையைக் கணமாகக் குறைத்தாலும் அது அப்படியே நிற்கும். ஆகவே உங்கள் தலைமை மந்திரவாதி, தாம் தொடங்கிய மந்திரம் முடியுமா என்று அறியாமலே அகழியோரம் காத்திருக்க நேரலாம். நிறுத்தச் சொன்னால், விடைக்கு மிக அருகில் வந்த மந்திரத்தை அணைத்துவிட்டோமோ என்ற ஐயம் அவருக்கு எஞ்சும்; தொடரவிட்டால் எண்ணெய் தீர்ந்துகொண்டே போகும். எத்தனை குடம் எண்ணெய் கையிருப்பில் இருக்கிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.