'ஐபிவி6 உண்டு' என்று அட்டையில் போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் தனியாளாகப் புகைப்பட ஸ்டூடியோ நடத்துகிறேன். திருமணப் படங்களைச் சேமித்து வைக்க எஸ்.பி. ரோடு கடையில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) வாங்கினேன். அட்டையில் 'ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) ஆதரவு உண்டு' என்றிருக்கிறது. நிர்வாகப் பக்கம் ஐபிவி6 முகவரியில் வெளியிலிருந்துகூடத் திறக்கிறது. ஆனால் ஓசூரில் தம்பி வீட்டிலுள்ள இன்னொரு பெட்டிக்கு இரவில் நகல் அனுப்பும் வசதி மட்டும் பழைய ஐபிவி4 முகவரியைத்தான் கேட்கிறது. 'அட்டையில் பொய் இல்லையே' என்கிறார் கடைக்காரர். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம் ஓடுகிறது. சேமிப்பு நிர்வாக மென்பொருள் என்பது ஒரே நிரல் அல்ல. நிர்வாகப் பக்கம், கோப்புப் பகிர்வு, நகல் அனுப்புதல், மின்னஞ்சல் எச்சரிக்கை என்று பல நிரல்கள் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. ஐபிவி4இன் 32 பிட் முகவரியை மனத்தில் வைத்து எழுதிய நிரலுக்கு ஐபிவி6இன் 128 பிட் முகவரியைப் பழக்க வேண்டுமானால் உள்ளீட்டுக் கட்டம், தரவுத்தளம், அனுமதிப் பட்டியல் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்திவிட்டு அட்டையில் பொதுவாக 'உண்டு' என்று அச்சடித்துவிடலாம்.

உங்களுக்கு ஐபிவி6 வெறும் ஆடம்பர வசதியும் அல்ல. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. அப்படிப்பட்ட இணைப்பில் வெளியிலிருந்து ஐபிவி4 வழியாக உங்கள் பெட்டியை நேரடியாக எட்ட முடியாது.

பெட்டியைத் திருப்பாமலே ஒரு வழி உண்டு. இரு வீட்டு இணைப்புக்கும் ஐபிவி6 இருந்தால், ரவுட்டர்களுக்கு இடையே வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்தின் வழியே இரு இடங்களை இணைக்கும் பூட்டிய தனிவழி) அமையுங்கள். வெளியே ஐபிவி6, உள்ளே ஐபிவி4. நகல் நிரலுக்கு அது கேட்கும் பழைய முகவரியே கிடைத்துவிடும். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால், மாதக் கட்டணம் கொடுத்து நிலையான ஐபிவி4 முகவரி வாங்க வேண்டியதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு: நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதாமே! இன்றே மூடுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஐபிவி4க்குப் போட்ட ஃபயர்வால் (வெளியார் நுழைவைத் தடுக்கும் அரண்) விதி ஐபிவி6ஐயும் காக்கும் என்று நம்பாதீர்கள், தனியாகப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறான விளம்பரமே என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யுங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, கால வரம்பு 2 ஆண்டுகள். ஒளிக்காமல் சொல்கிறேன்: கையேட்டில் இந்தக் குறை அச்சாகியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். 'நகலும் ஐபிவி6இல் போகும்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் நிலைமையே வேறு. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஜாலஹள்ளியில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறேன். 'ஐபிவி6 ரெடி' முத்திரை உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினால் பிரச்சினை வராதல்லவா?

பதில்: வரலாம். அந்த முத்திரை ஐபிவி6 ஃபோரம் நடத்தும் சோதனைக்கானது. நெட்வொர்க் அடுக்கு (தரவை முகவரி பார்த்து அனுப்பும் அடிப்படைப் பகுதி) நெறிப்படி இயங்குகிறதா என்று பார்க்கிறது. அதன் மேலே ஓடும் நகல் அனுப்பும் நிரலுக்கு அது உத்தரவாதம் அல்ல. 'ஐபிவி4ஐ முழுக்க அணைத்துவிட்டால் எந்தெந்த வசதிகள் வேலை செய்யும்?' என்று விற்பவருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் பட்டியலாக வரட்டும். அலுவலகத்துக்குள் மட்டும்தான் பயன்பாடு என்றால் 192.168 என்று தொடங்கும் உள் ஐபிவி4 முகவரிகளே தாராளம். இந்த முத்திரைக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.