கல் சுவரில் ஈரம்: முதலில் அந்தச் சிமென்ட்டைப் பாருங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸில் நீங்கள் வாங்கிய 1600களின் பண்ணை வீட்டில், வெளிச்சுவரின் கல் இடுக்குகளுக்குச் சிமென்ட் பூசிய பிறகு உள்ளே ஈரம் கூடிவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்தச் சிமென்ட்தான் காரணம்.

அந்தக் காலத்துச் சுவர் இரண்டு கல் வரிசை. நடுவே சல்லியும் மண்ணும், ஆங்காங்கே இரண்டையும் பிணைக்கும் நீளக் கற்கள். உள்ளே இறங்கும் மழைநீர் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஆவியாகும். சிமென்ட் அதை அடைத்துவிடுகிறது. கல்லின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால், ஈரம் கல் வழியே வெளியேறுகிறது என்று அர்த்தம்.

சிமென்ட்டை உளியால் பொறுமையாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள். சுழல் தட்டால் அறுக்கும் மின் கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும். அப்புறம், பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உங்கள் வீடு இருந்தால், கைவைக்கும் முன் உள்ளூர்த் திட்டமிடல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.