மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் பையன்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். ஓவியம் முறையாகப் படிக்கவில்லை, சொந்தமாகக் கீறிப் பழகியதுதான். ரஷ்ய ஓவியர் பிளாஸ்தவ் வரைந்த, ஜெர்மன் விமானத்தால் சுடப்பட்டு இறந்துகிடக்கும் இடையச் சிறுவனின் படத்தை அண்மையில் ஃபோனில் பார்த்தேன். முள்ளிவாய்க்காலையும் அப்படித் தத்ரூபமாக வரைய ஆசை. இணையத்தில் கிடைத்த ஒரு புகைப்படத்தை வைத்துத் தொடங்கியும் விட்டேன். யுத்தத்தைக் காணாத உனக்கு என்ன உரிமை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிளாஸ்தவின் படமே வெறும் சோவியத் பிரசாரம் என்கிறார்கள். அதை ஸ்டாலின் தெஹ்ரானுக்குக் கொண்டுபோனது உண்மையா? எனக்கு இதை வரைய உரிமை இருக்கிறதா? எண்ணெய் வர்ணம் நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

நீர் சொல்லும் படம் கொஞ்சக் காலமாக என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் உமக்கு உடனே பதில். மற்றபடி கடிதம் எழுதுவதில் நான் படு சோம்பேறி.

தெஹ்ரான் கதையை விடும். ஸ்டாலின், ரூஸ்வெல்ட், சர்ச்சில் கூடிய 1943 மாநாட்டில் அந்தப் படம் தொங்கியது என்று பலரும் சொல்கிறார்கள். தொங்கியிருந்தால் என்ன, தொங்காவிட்டால் என்ன, அந்தப் பையன் எழும்பப் போவதில்லை. பிரசாரம் என்று சொல்லும் நண்பர்களுக்கு, ஆம், பிரசாரத்துக்கும் பயன்பட்டது என்று சொல்லி ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடும்.

படத்துக்கு வருவோம். கையகல ஃபோனில் பையனும் நாயும் தெரிந்திருக்கும். விமானம் தெரிந்ததா? தூரத்து வானத்தில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். மிச்சம் முழுக்க இலையுதிர் காலத்துச் சரிவு. காய்ந்து பழுத்த புல், மஞ்சள் இலையோடு ஒல்லியான பேர்ச் மரக்கன்றுகள், பின்னால் ஆடு மாடுகள். பையன் குப்புறக் கிடக்கிறான். நாய் முகத்தை உயர்த்தி ஊளையிடுகிறது. முதலில் பார்ப்பவருக்கு அது அழகான கிராமத்துக் காட்சி. பையனைக் கண்ட பிறகுதான் அந்த அழகே தொண்டையில் அடைக்கிறது.

இதை 1942இல் வரைந்தவர் எங்கே இருந்தார் தெரியுமா? போர்முனையில் இல்லை. வொல்காப் பக்கம், சிம்பிர்ஸ்க் மாகாணத்துப் பிரிஸ்லோனிஹா என்ற தன் சொந்தக் கிராமத்தில். ஜெர்மன் படை அந்தப் பக்கம் எட்டவே இல்லை. 1893இல் அங்கேதான் பிறந்தார். பாட்டனார் கோயிலுக்குத் திருவுருவங்கள் தீட்டியவர். மாஸ்கோவுக்குப் போய்ப் படித்ததோ சிற்பம். 1917இல் ஊர் திரும்பி, உழுது, அறுத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கீறிக்கொண்டு இருந்தார். 1931இல் வீடு தீப்பிடித்தது. அதுவரை வரைந்தது எல்லாம் சாம்பல். நாற்பதை நெருங்குகிற வயதில் முதலிலிருந்து தொடங்கினார். யுத்தம் முடிந்த 1945இல் அவர் வரைந்தது புல் அறுப்பு. பூத்துக் குலுங்கும் புல், அதை அறுக்கிற ஆட்கள், வேறொன்றும் இல்லை. 1972இல் அதே கிராமத்தில் இறந்தார்.

சாவு எங்கோ நடந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்து தன் ஊர்ச் சரிவில், தனக்கு ஒவ்வொரு புல்லும் தெரிந்த இடத்தில் கிடத்தினார். அந்த மாடுகளை அவர் தேடிப் போகவில்லை, வாழ்நாள் முழுக்க அவற்றோடு கிடந்தவர். அதைத்தான் நான் ரியலிசம் என்பேன். தோலின் மயிர்க்கால் தெரியக் கீறுவதை அல்ல. அது கைப்பழக்கம், ஒரு நல்ல சைன் போர்ட் ஆளும் செய்வார். கொழும்பிலே 1943இல் லயனல் வெண்ட், ஜோர்ஜ் கீற் முதலான கலைஞர்கள் சேர்ந்து '43 குழு'வைத் தொடங்கியபோது கல்லூரிப் பாணித் தத்ரூபத்தை உதறினார்கள். உதறவேண்டியதுதான். ஆனால் அதோடு இங்கே உள்ளதை உள்ளபடி பார்க்கிற பழக்கமும் கொஞ்சம் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு குறை. கொழும்பில் வருடாவருடம் கூடும் ஓவியச் சந்தையான கலா பொலவில் ஒரு சுற்று வாரும், நான் சொல்வது விளங்கும். யானை, யானை, தாமரை, பிறகும் யானை.

மாடு என்றதும் பெரியம்மா நினைவு வருகிறது. ஊரில் பொம்மர் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் பங்கருக்குள் பாய்வோம். அவர் மட்டும் மாட்டை அவிழ்த்துவிட மாட்டுக் கொட்டிலுக்கு ஓடுவார். மாடு மிரண்டு இழுக்க இழுக்க முடிச்சு இறுகிவிடும். "உனக்கு மாடு பெரிசோ உயிர் பெரிசோ" என்று பெரியப்பா பங்கர் வாசலில் நின்று கத்துவார். கொஞ்ச நாளில் பெரியம்மா முடிச்சுப் போடுவதையே விட்டுவிட்டார். கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருகிவிடுவார். ஒரே இழுவையில் கழலும். மாடு அதைக் கண்டுபிடித்து அயல்வீட்டுக் கத்தரித் தோட்டத்தை மேய்ந்தது வேறு கதை. என்னை யுத்தத்தைக் கீறச் சொன்னால் அந்தக் கயிற்றைத்தான் கீறுவேன்.

இப்போது உம்மோடு சண்டை. இணையத்தில் எடுத்த புகைப்படத்தை வைத்துத் தொடங்கிவிட்டேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறீர்! அதில் கிடப்பவர் யார், எந்த ஊர், வீட்டில் யார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றாவது தெரியுமா? உமக்கு நிழலும் வெளிச்சமும் பழக இன்னொருவர் வீட்டுப் பிணமா கிடைத்தது? காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் இன்னும் தெருவில் நிற்கிற நாடு இது. அந்தத் தாளைக் கிழித்துப் போடும். கோபம் வந்தால் வரட்டும்.

யுத்தத்தைக் காணவில்லை என்கிறீர். வெள்ளவத்தையில் யுத்தம் இல்லை என்று உமக்கு யார் சொன்னது? 2007 ஜூன் 7 விடியற்காலையில் இதே காலி வீதி லொட்ஜுகளில் படுத்திருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். நீர் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர். அம்மாவிடம் கேளும், பொலிஸ் பதிவுத் துண்டை எந்த லாச்சியில் வைத்திருந்தார் என்று. பஸ் ஏறமுன் பொட்டை அழித்தாரா என்று கேளும். வடக்கிலிருந்து வந்து உங்கள் வீட்டு ஹோலில் மாதக்கணக்காகப் படுத்தவர்கள் சூட்கேசைக் கடைசிவரை பிரித்தார்களா என்று கேளும். பிளாஸ்தவுக்கு ஒரு சரிவு தெரிந்திருந்தது. உமக்கு ஒரு ஹோல் தெரியும்.

மண்டையோட்டுக் குவியல் வரைந்த ரஷ்ய ஓவியர் வெரஷ்சாகின் யுத்தத்தைக் கண்டவர். சண்டையிலும் நின்றவர், 1904இல் போர்ட் ஆர்தரில் கப்பலோடு மூழ்கிச் செத்தார். ஆனாலும் 1871இல் அந்தக் குவியலை அவர் கண்ணால் கண்டு கீறவில்லை, பல நூற்றாண்டுக்கு முந்திய படையெடுப்பாளன் தைமூரின் காலத்தை நினைத்துக் கீறினார். உரிமை பற்றிய உம் நண்பர்களின் வழக்கை அவரிடமே கொண்டுபோகச் சொல்லும்.

வர்ணம் இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். எண்ணெய் வர்ணம் விற்கிற விலைக்கு ஒரு மாதச் சாப்பாடு போடலாம், இந்தக் கடற்கரை ஈரத்தில் காயவும் நாளெடுக்கும். 4பி பென்சில் ஒன்றும் கோடு போடாத கொப்பி ஒன்றும் போதும். அம்மா கதை சொல்லும்போது அவரது கையைக் கீறும், முகத்தைப் பிறகு பார்க்கலாம்.