கணினி கேள்வி–பதில்: எந்த சர்வீஸை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: வீட்டில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் 11 லேப்டாப். வருமான வரி, பேங்க் வேலை, பெண்ணின் படிப்பு எல்லாம் அதில்தான். விண்டோஸ் நம்மை வேவு பார்க்கிறது, இந்த ஐம்பது சர்வீஸ்களையும் டிசேபிள் செய்துவிடுங்கள் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா சார்? (வாசகி, கரூர்)

பதில்: ஐம்பதையும் செய்யாதீர்கள் அம்மா. சர்வீஸ் என்பது நீங்கள் திறக்காமலேயே, பல சமயம் நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போவதற்கும் முன்பே, பின்னணியில் ஓட ஆரம்பித்துவிடும் புரோகிராம். விண்டோஸில் இப்படி இருநூறுக்கும் மேல் இருக்கும். அதில் பெரும்பாலானவை வெளியே யாரிடமும் பேசுவதில்லை. ஸ்பீக்கரில் சத்தம் வருவது, வைஃபை கிடைப்பது, பென் டிரைவ் செருகினால் தெரிவது மாதிரியான வேலைகளைப் பார்க்கின்றன. அந்த வீடியோக்களில் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் கேம் ஆடுபவர்கள் வேகத்துக்காகப் போட்டவை, அதன் மேல் பிரைவசி என்று பெயர் ஒட்டியிருப்பார்கள். அதை அப்படியே செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து புளூடூத் வேலை செய்யவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை என்று வந்தால், ஐம்பதில் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் அனுப்பும் முக்கியமான சர்வீஸின் பெயர் ‘கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி’. ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ‘டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்’ என்ற பக்கத்தில் ‘ஆப்ஷனல்’ தகவல் அனுப்புவதை ஆஃப் செய்யுங்கள். உங்களுக்குப் பெரிய லாபம் இங்கேதான். இது ஆனில் இருந்தால் எட்ஜ் பிரவுசரில் நீங்கள் பார்க்கும் தளங்கள், எந்த ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதெல்லாம் போகும். ஏதாவது புரோகிராம் கிராஷ் ஆனால் அந்த நேரத்தில் மெமரியில் இருந்ததும் சேர்ந்து போகலாம், நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபைலின் ஒரு துண்டும் தவறுதலாக அதில் வந்துவிடலாம். இது யூகம் இல்லை, மைக்ரோசாஃப்டே தன் விளக்கத்தில் எழுதியிருப்பது. வரிக் கணக்கு திறந்திருக்கும் லேப்டாப்பில் அது சின்ன விஷயமா?

‘ரிக்கொயர்டு’, அதாவது கட்டாயமாக அனுப்பப்படும் தகவல் என்கிற இன்னொரு பகுதி இருக்கிறது, ஹோம், புரோ பதிப்புகளில் அதை செட்டிங்ஸில் அணைக்க வழியே கொடுக்கவில்லை. அப்போதுதான் சர்வீஸுக்குப் போக வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிலத்தில் சர்வீசஸ் என்று அடித்தால் அந்த ஜன்னல் வரும். மேலே சொன்ன பெயரை டபுள் கிளிக் செய்து, ‘ஸ்டார்ட்அப் டைப்’ என்ற இடத்தில் ‘டிசேபிள்டு’ வைத்து, ஸ்டாப் அழுத்தி, ஓகே கொடுங்கள். ஸ்டாப் மட்டும் அழுத்தினால் அடுத்த முறை கணினியைப் போட்டதும் திரும்ப ஓடும், பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு இதனால் பொதுவாகக் குறை வராது, விண்டோஸின் சோதனைப் பதிப்புகளை முன்கூட்டியே வாங்கிப் பார்ப்பவர்களுக்குச் சிக்கல் வரலாம்.

இது அனாவசிய பயம் என்று யாராவது சொன்னால் பிரான்சில் நடந்ததைச் சொல்லுங்கள். அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்த நோட்டீஸை 2016 ஜூலையில் வெளியிட்டது. விண்டோஸ் 10 ஒருவர் எந்தெந்த ஆப்களை நிறுவியிருக்கிறார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்றெல்லாம் சேகரிக்கிறது, இது தேவைக்கு மீறியது என்பது புகார். ‘பேசிக்’ என்ற குறைந்தபட்ச நிலையில் சேகரிப்பதை மைக்ரோசாஃப்ட் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்த பிறகுதான் 2017 ஜூனில் அந்த நோட்டீஸை முடித்தார்கள். அடுத்த வருடமே, என்ன போகிறது என்று நாமே பார்க்க ‘டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்’ என்ற ஆப்பையும் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. யாரோ கேள்வி கேட்டதால் கிடைத்தவை இவை, அதனால் நீங்கள் கேட்பதும் சரியான கேள்விதான்.

சரி, இப்போது நான் இதைவிட முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். உங்கள் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ்கள் எத்தனை ஓடுகின்றன? ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் டேபில் கீழே இருக்கும் ‘ஹைடு ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். நீளமான பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும், மிஞ்சுவதை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். சவுண்டு, கிராஃபிக்ஸ் டிரைவர்கள், பிரவுசர் அப்டேட்டர்கள் இருக்கும், பரவாயில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் சரிசெய்ய, பிரிண்டர் டிரைவர் போட என்று கடைக்காரத் தம்பி என்றைக்கோ இதைப் போட்டிருப்பார், வேலை முடிந்ததும் நீங்களும் மறந்திருப்பீர்கள், அவரும் மறந்திருப்பார். ஆனால் அது சர்வீஸாக உட்கார்ந்திருந்தால் நீங்கள் லாகின் செய்யாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் உள்ளே வர ஒரு நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருந்தால், அதைத் தெரிந்த எவரும் உங்கள் அனுமதி கேட்காமல் திரையைப் பார்க்கலாம். அந்த மென்பொருள் மேல் குற்றம் இல்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2019 பிப்ரவரியில் மொபைலில் எனிடெஸ்க் வழியாக நடக்கும் யூபிஐ மோசடி பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்ததே போதும். இதை டிசேபிள் செய்து வைக்காதீர்கள், கண்ட்ரோல் பேனலில் போய் மொத்தமாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். தேவைப்படும் அன்றைக்கு மறுபடி போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது.

லொகேஷனை சர்வீஸில் நிறுத்த வேண்டாம், செட்டிங்ஸிலேயே அணைக்கலாம். அணைத்தால் லேப்டாப் தொலைந்துபோகும்போது ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ உதவாது, அதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் பிரிண்டரே இல்லை. ஆனாலும் பிரிண்ட் ஸ்பூலர் ஓடுகிறது. நிறுத்தினால் ஆபத்தா? (வாசகர், தென்காசி)

பதில்: நிறுத்தலாம், நிறுத்தவும் காரணம் இருக்கிறது. ஸ்பூலர் என்பது பிரிண்ட் கொடுப்பதை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் சர்வீஸ். 2021 ஜூலையில் ஸ்பூலரில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது வழியாக ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், ஸ்பூலரை நிறுத்தி வைப்பதையே ஒரு தற்காலிகப் பாதுகாப்பாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அப்புறம் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் அப்டேட்டாக வந்துவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பூலர் நின்றால் வேர்டிலிருந்து ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுப்பதும் நின்றுவிடும். குரோமில் இருக்கும் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ தனி வழி, அதற்கு ஒன்றும் ஆகாது. வேர்டிலும் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட். அப்டேட் டேட்டாவை எல்லாம் தின்றுவிடுகிறது. விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே நிறுத்திவிட்டேன். சரிதானே? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தயவுசெய்து இன்றைக்கே திரும்பப் போடுங்கள் தம்பி. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது, பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாமல் விட்ட கணினிகள்தான் ஏராளமாக மாட்டின. அப்டேட்டை நிறுத்திவிட்டு பிரைவசி பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை, உள்ளே நுழைந்தவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவான்.

டேட்டா பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்தெடுத்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்யுங்கள், பெரிய டவுன்லோடுகள் தானாக இறங்காது, கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம். அப்டேட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ இருக்கிறதல்லவா, அதில் மற்ற கணினிகளோடு பகிர்வதை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால், நீங்கள் இறக்கிய அப்டேட்டின் துண்டுகளை உங்கள் டேட்டாவிலேயே மற்றவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: டிசேபிள் செய்த சர்வீஸ் சில மாதம் கழித்து மறுபடி ஓடுகிறது. ஒரே அடியாக நிறுத்த ஏதாவது டூல் உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: பெரிய அப்டேட் வரும்போது விண்டோஸ் சிலவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும், வைரஸ் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்கும் டூல்கள் நிறைய இருக்கின்றன, எல்லாமே அட்மின் அதிகாரம் கேட்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத ஸ்கிரிப்டுக்கு (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) அந்த அதிகாரத்தைக் கொடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சில டூல்கள், எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மைக்ரோசாஃப்ட் முகவரிகளைத் தடுத்து எழுதும், 2020-லிருந்து விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதை ஆபத்து என்றே காட்டுகிறது. ஒரு தாளில் நீங்கள் மாற்றிய சர்வீஸின் பெயரையும், அதற்கு முன்பு அது ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பதையும் எழுதி வையுங்கள். பெரிய அப்டேட் முடிந்ததும் அந்தத் தாளோடு உட்கார்ந்து சரிபார்த்தால் போதும்.