மாவுப் புனலும் எண்ணெய்ப் புனலும்: காப்புரிமைக் கேள்வி-பதில்

கே: மாவு கொட்டுவதற்கான புனலுக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தேன். பழைய எண்ணெய்ப் புனலைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். அந்த ஆவணத்தில் மாவு என்ற சொல்லே இல்லையே!

ப: மாதம் நாலு பேராவது இதே புலம்பலை அனுப்புகிறார்கள். பொருளுக்கான கோரிக்கையில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் பகுதியில், காப்புரிமை அலுவலக ஆய்வாளர் பார்ப்பது அது எப்படி அமைந்திருக்கிறது என்பதை. நீங்கள் அதில் எதைக் கொட்டப் போகிறீர்கள் என்பதை அல்ல. 1997இன் ஷ்ரைபர் வழக்கைப் படியுங்கள். அவர் கேட்டது, பாப்கார்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும் கூம்பு மூடிக்கு. எதிரே நின்றது பழைய ஸ்விஸ் காப்புரிமை ஒன்றில் இருந்த, எண்ணெய் டப்பாவின் கொட்டும் மூக்கு. பாப்கார்ன் பற்றி அதில் மூச்சே இல்லை. வடிவம் ஒன்றானால் அந்த வேலையையும் இயல்பாகவே செய்யும் என்று கூறி, காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் நிராகரிப்பை உறுதி செய்தது. பழைய பொருளால் அது இயலாது என்று காட்டும் சுமை உங்கள் தலையில். 1971இன் ஸ்வைன்ஹார்ட் தீர்ப்பு முதலே அப்படித்தான். ஷ்ரைபர் கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும் எடுபடவில்லை. மாவு அடைக்காதபடி உங்கள் புனலின் வாய் அகலமா, சரிவு கூடுதலா? அதைக் கோரிக்கையில் எழுதுங்கள். கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியான விவரணத்தில் மட்டும் எழுதுவது, ரேஷன் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரிசையில் நிற்பதற்குச் சமம்.

கே: கோரிக்கையில் 'இயலும்' என்று எழுதுவதற்கும் 'அதற்கென்றே அமைத்த' என்று எழுதுவதற்கும் வேறுபாடு உண்டா?

ப: உண்டு. 2014இன் ஜியானெல்லி வழக்கில் துடுப்பு வலிப்பதுபோன்ற உடற்பயிற்சிக் கருவிக்கு எதிராக, கைப்பிடியை மார்பருகிலிருந்து முன்னால் தள்ளும் கருவியைக் காட்டினார்கள். அதன் கைப்பிடியையும் இழுக்கலாமே என்ற வாதம் தோற்றது. 'அதற்கென்றே அமைத்த' என்ற பொருளுக்கு விவரணம் துணை நின்றதால்தான் விண்ணப்பித்த ஜியானெல்லி தப்பினார். வெறும் சொல்லை நம்பாதீர்கள்.

கே: ஐரோப்பாவில் எப்படி?

ப: பழைய பொருள் அந்த வேலைக்கு உகந்ததா என்று கேட்பார்கள். வடிவம் ஒத்தாலும் அந்தச் சுமையைத் தாங்காது என்பதால், கிரேன் கொக்கிக்கு எதிராகத் தூண்டில் முள் செல்லாது.

கே: 'இன்னது செய்யும் சாதனம்' என்றே எழுதினால் எல்லாவற்றையும் வளைத்துப் போடலாமா?

ப: கூடாது. அமெரிக்கச் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி அது விவரணத்தில் காட்டிய அமைப்புக்கும் அதற்கு நிகரானவற்றுக்கும் சுருங்கும். 1994இன் டொனால்ட்சன் தீர்ப்புக்குப் பிறகு ஆய்வாளரும் அப்படித்தான் படிக்க வேண்டும். 'சாதனம்' என்பதை 'மாட்யூல்' என்று பெயர் மாற்றினாலும் 2015 முதல் எளிதில் தப்ப முடியாது. அமைப்பை எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கே: என் கோரிக்கை செல்லுமா?

ப: எந்தக் கோரிக்கை? வாசகத்தை அனுப்பவில்லையே.